நடுகல் இல்லாத வீரர்



சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியை நெருங்கும்பொழுது, ஊருக்கு மேலே ஒரு பெரும் பாறைமலை எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். அதன்மீது பழைய கோட்டையின் மதில்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ஓசூர். அதனைக் கடந்தால் கருநாடக எல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி இது. இன்று இயந்திரங்களின் ஓசை நிறைந்த இந்நிலத்தில், ஒரு காலத்தில் படைக்கலங்களின் ஓசையே மிகுந்திருந்தது.

அதற்குச் சான்றாக நிற்பவை நடுகற்கள். ஊரின் ஆநிரையை மீட்கப் போராடி வீழ்ந்தவன், ஊரைக் காக்கும் போரில் மடிந்தவன், புலியோடு பொருது உயிர் துறந்தவன் ஆகியோரின் நினைவாக நம் முன்னோர் கல் நாட்டினர். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்துவது வரை உள்ள நிலைகளைத் தொல்காப்பியமே ஆறாக வகுத்துக் கூறுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் இத்தகைய கற்கள் மிகுந்த மாவட்டம். போசள மன்னன் இராமநாதன் 13-ஆம் நூற்றாண்டில் இருந்து ஆண்ட குந்தாணியை அடுத்த சின்னகொத்தூரில் அவற்றைக் கூட்டமாகவே காணலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பல பாதுகாக்கப்படுகின்றன. சில கற்களில் மூன்று அடுக்குகள் இருக்கும். கீழடுக்கில் வீரன் போரிடுவான். நடுவடுக்கில் தேவமகளிர் அவனை ஏந்திச் செல்வர். மேலடுக்கில் அவன் இறைவன் திருமுன் அமர்ந்திருப்பான்.

இக்கற்களைக் காணும்போது என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. போரில் இறந்தவனுக்குக் கல் உண்டு. அதே போரில் ஒரு கையை இழந்து, அல்லது கண்ணை இழந்து, உயிரோடு வீடு திரும்பியவனுக்கு என்ன உண்டு? அவனுக்குக் கல் இல்லை. அவன் பெயரும் நமக்குத் தெரியாது. கி.பி. 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது கும்பெனிப் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியபொழுது, அதனைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. அந்தப் போர்களில் இரு தரப்பிலும் உறுப்பிழந்தோர் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. பிறவியிலேயே கேளாதவரும் காணாதவரும் அந்நாளிலும் இருந்தனர். அவர்களுக்குப் போர்க்கலையில் இடம் இருந்ததா? கம்பும் வாளும் வேலும் முழு உறுப்புடையார்க்கு மட்டுமே உரியவையா?

இதற்குக் கல்வெட்டுகள் விடை தருவதில்லை. விடையைத் தேடி நாம் தெற்கே, அதே காலத்தில் அதே கும்பெனியை எதிர்த்து நின்ற பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்லவேண்டும். 1791-க்குப் பத்தே ஆண்டுகள் கழித்து, பேசவும் கேட்கவும் இயலாத ஒருவர் அங்கே ஒரு சேனையை நடத்தினார்.

வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அவருடைய தம்பியை மக்கள் ஊமைத்துரை என்று அழைத்தனர். அவர் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் அவரும் உடனிருந்தோரும் சிறையிலிருந்து தப்பினர். கும்பெனிப் படை அவர்களைத் தேடிப் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது அங்கே வியப்பு ஒன்று காத்திருந்தது. தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை சில நாட்களுக்குள் மீண்டும் எழுந்து நின்றது! மார்ச்சு 31-ஆம் நாள் அக்கோட்டையைத் தாக்கிய படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. மேலும் படையும் பீரங்கிகளும் வரவழைக்கப்பட்ட பின்னரே, மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

இப்போர்களில் கும்பெனியின் பக்கம் நின்றவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படைத்தலைவர். அவர் தம் படைவாழ்க்கை நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டார். ஊமைத்துரையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேரிய சித்திரம் பகைவராகிய அவர் எழுதியதே. ஊமைத்துரை உயரமானவர், மெலிந்தவர், பார்வைக்கு நோயாளி போன்றவர். காது கேளாதவர், பேசாதவர் என்கிறார் வெல்ஷ். அவர் ஆணையிட்ட முறையையும் விளக்குகிறார்.

சிறிய வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பாராம். அவை ஆங்கிலப் படை. தாக்கவேண்டிய காலம் முதலியவற்றை மற்றச் சைகைகளால் காட்டுவார். பிறகு வலக்கையால் அவ்வைக்கோலை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து, வாயினால் சீறும் ஓசை ஒன்றை எழுப்புவார். அதுவே தாக்குதலுக்குரிய ஆணை. ஆணையிட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர் அல்லர் அவர். பெரும்பாலும் முன்னணியில் சென்று போரிட்டவரும் அவரே.

மாணவர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். பகைவன் எங்கே நிற்கிறான், எத்தனை அணியாக நிற்கிறான், எப்போது தாக்குவது என்ற மூன்றும் ஓர் உள்ளங்கையில் அடங்கிவிட்டன. இன்று போர்க்கல்லூரிகளில் வரைபடத்தை விரித்து வைத்துச் செய்வதை அவர் வைக்கோலைக் கொண்டு செய்தார். இருளிலும் இரைச்சலிலும் வாய்ச்சொல் தவறாகக் கேட்கப்படலாம். கையில் கண்ட படம் மறப்பதில்லை.

மக்கள் அவரைத் தெய்வம்போல் போற்றினர் என்றும் வெல்ஷ் எழுதுகிறார். ஆனால் அதற்கு அவர் கூறும் காரணம் மூடநம்பிக்கை. குறையுடைய ஒருவரிடம் ஏதோ தெய்வத்தன்மை இருப்பதாக எண்ணி அறியாத மக்கள் பின்பற்றினராம்! இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்பட இயலவில்லை. அவரே தீட்டிய சித்திரம் அவர் முடிவை மறுக்கிறது. தெளிவான திட்டமும், அதனை அனைவர்க்கும் உணர்த்தும் மொழியும், முன்னின்று போரிடும் துணிவும் உள்ள ஒருவரை வீரர்கள் பின்பற்றுவதற்கு மூடநம்பிக்கை எதற்கு? சைகையை மொழியாக ஏற்றுக்கொண்ட சேனை அது. அத்தலைவருக்கு நாவு இல்லை என்ற எண்ணமே அவர்களுக்கு நாளடைவில் மறைந்திருக்கலாம். ஊமை என்ற சொல்லை நாம் இன்று விலக்கி, மாற்றுத்திறனாளி என்று மதிப்புடன் சொல்கிறோம். அன்றைய மக்களோ அச்சொல்லோடு துரை என்னும் சொல்லைச் சேர்த்துத் தங்கள் மதிப்பைக் காட்டிவிட்டனர்.

கோட்டை வீழ்ந்தபின் நிகழ்ந்த ஒன்றையும் வெல்ஷ் கூறுகிறார். காயமுற்றுக் களத்தில் கிடந்த தன் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். உயிர் பிரியும் நிலையிலிருந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் தலைவரைக் காப்பாற்றுமாறு வேண்டினான். அவள் அவ்வாறே ஊமைத்துரையைத் தன் ஊருக்குக் கொண்டு சென்றாள். தேடிவந்தவர்களிடம், அம்மை நோயால் இறந்தவர் என்று துணியால் மூடிக் காட்டிப் பெண்கள் அவரைக் காத்தனர். பின்னர் அவர் மருது சகோதரர்களுடன் இணைந்து போரிட்டார். 1801 அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

அவர் போர்க்கலையை எவ்வாறு கற்றிருப்பார்? வெல்ஷின் நூலிலேயே அதற்குக் குறிப்பு ஒன்று கிடைக்கிறது. தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று அவர் எழுதுகிறார். வளரி வீசுவதைச் சொல்லால் மட்டும் கற்பிக்க இயலாது. ஆசான் வீசிக் காட்டவேண்டும்; மாணவன் கண்டு வீசவேண்டும்; தவறினால் ஆசான் தோளையும் மணிக்கட்டையும் பிடித்துத் திருத்தவேண்டும். சிலம்பமும் அவ்வாறே. காலடி வரிசையும் வீச்சும் தடுப்பும் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்பவை. அத்தகைய கலையைக் கற்கக் காது கேளாமை எவ்வாறு தடையாகும்?

எனினும், ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. ஊமைத்துரை பாளையக்காரரின் தம்பி. அவருக்குக் களத்தின் வாயிலைத் திறந்தது குடிப்பிறப்பு. அதே ஊரில் ஒரு குயவரின் கேளாத மகனோ, ஓர் உழவரின் காணாத மகளோ இருந்திருந்தால், அவர்கள் கையில் ஓர் ஆசான் கம்பைக் கொடுத்திருப்பாரா? ஒருவருடைய வெற்றி, அவருக்குத் திறமை இருந்தது என்பதை மெய்ப்பிக்கும். எல்லார்க்கும் வாய்ப்பு இருந்தது என்பதை மெய்ப்பிக்காது.

அவர் மறைந்த பின் அந்த வாய்ப்பும் சுருங்கிற்று. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. வாழ்க்கைத் தொழிலாக இருந்த போர்க்கலை, திருவிழாக்களிலும் ஊர்க்களங்களிலும் மட்டும் ஒதுங்கி வாழ்ந்தது.

இனி உலகம் சென்ற வழியைச் சிறிது காண்போம். ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் நிறுவிய ஜூடோ, எதிரியைப் பற்றிச் சாய்க்கும் கலை. பார்வையற்றோர்க்குரிய ஜூடோ 1988-இல் சியோல் பாராலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. அதற்காகக் கலையையே மாற்றிவிடவில்லை. முக்கியமாக ஒரு விதியை மாற்றினர். மற்றப் போட்டிகளில் இருவரும் விலகி நின்று, பிடி கிடைக்கப் போராடுவர். இங்கோ இருவரும் ஒருவர் உடையை மற்றவர் பற்றிக்கொண்ட பின்னரே ஆட்டம் தொடங்கும். அதன் பிறகு கை உணரும் இழுப்பும் கால் உணரும் எடையும் கண்ணின் வேலையைச் செய்கின்றன. 2024 செப்டம்பரில் பாரிசில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கபில் பர்மார் இவ்வாட்டத்தில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அது. கைகளில் குறையுடையோர் உதைகளால் பொருதும் டேக்வாண்டோ, டோக்கியோ 2020 பாராலிம்பிக்கில், அதாவது 2021-இல் நடந்த போட்டிகளில், முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. கேளாதோர்க்கான உலக விளையாட்டுகளிலும் ஜூடோ, கராத்தே, டேக்வாண்டோ ஆகியவை இன்று உள்ளன.

இவற்றால் நாம் அறிவது யாது? எங்கும் ஒரு சிறு விதியோ, ஒரு சிறு முறையோதான் மாறியிருக்கிறது. அதற்குள்ளாகவே, முடியாது என்று கருதப்பட்டது முடிந்திருக்கிறது.

இப்பொழுது மீண்டும் ஓசூருக்கு வருவோம். 1970-களுக்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர் இது. இங்கே 1980-களில் தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை, மாற்றுத்திறனாளிகளைப் பணியில் அமர்த்தியமைக்காகப் பெயர்பெற்றது. நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் வேலைக்குக் கேட்கும் செவியைவிடக் கூரிய கண்ணும் நிலைத்த கையும் தேவை அன்றோ! தொழிலில் ஒப்புக்கொண்ட இவ்வுண்மையை விளையாட்டுக் களத்தில் நாம் ஏன் ஒப்புக்கொள்ளலாகாது? மேலும், இயந்திரங்கள் நிறைந்த இடத்தில் விபத்தும் நேரும். அன்று போரில் கை இழந்து திரும்பியவனைப்போல, இன்று இயந்திரத்தில் விரலோ கையோ இழந்து வீடு திரும்பும் தொழிலாளியும் உண்டு. அவருக்கு இழப்பீடு வேண்டும், மருத்துவம் வேண்டும். தம் உடலின்மீது தமக்கு மீண்டும் நம்பிக்கை வருவதும் வேண்டும். அந்த நம்பிக்கையைத் தரவல்ல பயிற்சிகளுள் சிலம்பமும் ஒன்று.

பயிற்சி முறை கடினமானது அன்று. கேளாத மாணவனை ஆசானின் கால்கள் நன்கு தெரியும் இடத்தில் நிறுத்தலாம். வாய்ச்சொல்லுக்குப் பதில் கையடையாளம் கொள்ளலாம். காணாத மாணவி, கம்போடு கம்பு பொருந்தும் அதிர்வினாலும், கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசையினாலும் திசை அறியலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் குறுங்கம்பைக் கொண்டு தோளாலும் மணிக்கட்டாலும் வீச்சுகளைப் பழகலாம். ஒரு கை உடையவர் ஒற்றைக்கை வீச்சினைப் பழகலாம். இலேசான கம்பு, தலைக்கவசம், போதிய இடைவெளி ஆகியவை எல்லார்க்கும் வேண்டியவையே. இவற்றுக்குச் செலவு மிகுதி இல்லை. வேண்டுவது ஆசானின் பொறுமை.

சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் அவர்கள் பங்குகொள்ள அரசு ஆவன செய்யவேண்டும் என்று விதிக்கிறது. அன்று ஒருவருக்குப் பிறப்பினால் கிடைத்த வாயில், இன்று அனைவர்க்கும் உரிமையினால் திறக்கப்படவேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆயினும் சட்டம் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்குத் தானே நடந்து வராது. விளையாட்டு நேரத்தில் மற்றவர் ஓடி ஆட, ஒரு பிள்ளையை மட்டும் மரத்தடியில் புத்தகப்பைகளுக்குக் காவலாக அமர்த்தும் வழக்கத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். இரக்கத்தினால் செய்வதாகவே பலரும் எண்ணுகின்றனர். அப்பிள்ளையோ ஆண்டு முழுவதும் அம்மரத்தடியிலேயே இருந்துவிடுகிறது. நாளை உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் அமர்ந்திருக்கக் கண்டால், அருகில் சென்று ஒரு கம்பை நீட்டுங்கள். எவ்வாறு பிடிப்பது என்று வாயால் சொல்லவேண்டியதில்லை. உங்கள் கையைக் காட்டுங்கள், போதும். உள்ளங்கையில் வைத்த சில வைக்கோல் துண்டுகளால் ஒரு சேனையை நடத்தியவர் பிறந்த நாடு இது.