காப்புறுதிப் பத்திரத்தில் 'வைத்தியர்' என்பவர் யார்?

எனது அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது முன்கை எலும்பு முறிந்தபோது அவருக்கு வயது 61. அரசாங்க வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, பிளாஸ்டர் போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கிழமை கழிந்தும் வலி குறையவில்லை. எங்கள் ஊரில் முறிவு என்றால் முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது தலைமுறை தலைமுறையான வழக்கம். அம்மாவும் அதையே கேட்டார். பட்டம் பெற்ற சித்த வைத்தியர் ஒருவர் நடத்தும் சிறிய சிகிச்சை நிலையத்தில் 9 நாட்கள் தங்கியிருந்து எண்ணெயும் கட்டும் போட்டுக்கொண்டார். கை குணமாகியது. எதனால் குணமாகியது என்ற வாதத்துக்கு நான் இங்கு வரவில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. அம்மாவுக்காக நான் எடுத்திருந்த மருத்துவக் காப்புறுதியின் கீழ் 48,500 ரூபாவுக்கான பற்றுச்சீட்டுகளை அனுப்பினேன். மூன்று கிழமைகளில் பதில் வந்தது. சிகிச்சை அளித்தவர் 'ஒப்பந்தத்தின் வரைவிலக்கணப்படி வைத்தியர் அல்லர்' என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று ஒரே வசனத்தில் எழுதியிருந்தார்கள். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒன்பது நாளா எனக்கு மருந்து கட்டினவர் அப்ப ஆர் தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் கையெழுத்திட்ட பத்திரத்தை முதன்முதலாக முழுமையாக வாசித்தேன். பிறகு உறவினர்கள், நண்பர்களின் பத்திரங்களையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டேன். ஒவ்வொரு பத்திரத்திலும் 'வைத்தியர்' வெவ்வேறு ஆளாக இருந்தார்.

வரைவிலக்கணம் ஏன் இருக்கிறது?

காப்புறுதி என்பது ஓர் ஒப்பந்தம். அதிலே சுகாதாரத் துறையினருக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, சிகிச்சை அளிப்பது. அவருடைய கட்டணத்தைத்தான் நிறுவனம் திருப்பித் தருகிறது. இரண்டாவது, தீர்மானிப்பது, நோயாளியை வைத்தியசாலையில் தங்கவைக்க வேண்டுமா, இந்தப் பரிசோதனை தேவையா என்று அவர்தான் சொல்கிறார். மூன்றாவது, சான்றளிப்பது, நோய், இயலாமை, மரணம் ஆகியவற்றுக்கு அவருடைய கையெழுத்தே ஆதாரம்.

இந்த மூன்று வேலைகளையும் யார் செய்யலாம் என்று வரையறுக்காவிட்டால் எவரும் எதையும் எழுதிக் கொடுக்கலாம். போலி வைத்தியர்களும் போலிச் சான்றிதழ்களும் இல்லாத நாடு எதுவும் இல்லை. ஆகவே நிறுவனம் எல்லை வகுப்பது நியாயமானதே. அந்த எல்லை எங்கே போடப்படுகிறது, அது வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிகிறதா என்பவைதான் கேள்விகள்.

எமது நாட்டின் பதிவேடுகள்

இலங்கையில் 'வைத்தியர்' என்ற சொல்லுக்குள் பல சட்டங்கள் இருக்கின்றன. மேலைத்தேய மருத்துவர்கள் 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்கிறார்கள். பல் வைத்தியர்கள், உதவி வைத்தியர்கள், மருந்தாளர்கள், மருத்துவ மாதுக்கள் ஆகியோருக்கும் அதே சபையில் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. உள்ளகப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவருக்குக் கிடைப்பது தற்காலிகப் பதிவு; பயிற்சி முடிந்த பின்னரே முழுப் பதிவு.

தாதியருக்கு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைத் தாதியர் சபை இருக்கிறது. ஹோமியோபதிக்கு 2016 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தனியார் வைத்தியசாலைகளும் மருத்துவ நிலையங்களும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும்.

எனது அம்மாவின் விடயத்துக்கு முக்கியமானது 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். அதிலே 'ஆயுர்வேதம்' என்ற சொல் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் உள்ளடக்குகிறது. ஆகவே எமது சித்த வைத்தியர் பதிவு செய்வதும் ஆயுர்வேத மருத்துவ சபையில்தான். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் மட்டுமல்ல, முறிவு நெரிவு, விஷக்கடி போன்ற துறைகளில் பரம்பரை வைத்தியர்களும் அந்தந்தத் துறைக்கெனப் பதிவு பெறுகிறார்கள். சித்த மருத்துவப் பட்டப்படிப்பு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் அரச பல்கலைக்கழக அமைப்புக்குள்ளேயே நடக்கிறது.

அம்மாவுக்கு மருந்து கட்டியவர் இந்த நாட்டின் சட்டப்படி வைத்தியர். எனது ஒப்பந்தத்தின்படி அவர் வைத்தியர் அல்லர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஏனெனில் எனது பத்திரத்தில், 'வைத்தியர் என்பவர் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட மருத்துவராவார்' என்று இருந்தது. ஆயுர்வேதச் சட்டம் அங்கே பேசப்படவே இல்லை.

வரைவிலக்கணத்தின் ஐந்து உறுப்புகள்

நான் வாசித்த பத்திரங்களில் வைத்தியருக்கான வரைவிலக்கணத்தைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து உறுப்புகள் கிடைக்கின்றன. எல்லாப் பத்திரங்களிலும் ஐந்தும் இருப்பதில்லை.

முதலாவது தகைமை: எந்த மருத்துவ முறையில், எந்தப் பட்டம். இரண்டாவது பதிவு: எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் சபையில். மூன்றாவது இடம்: எந்த நாட்டில் தொழில் செய்ய அனுமதி பெற்றவர். சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 'இலங்கையில் பதிவு செய்யப்பட்டவர்' என்று மட்டும் இருந்தால் சென்னை மருத்துவரின் பற்றுச்சீட்டு சிக்கலாகும். 'சிகிச்சை அளிக்கும் நாட்டின் சட்டப்படி அனுமதி பெற்றவர்' என்று இருந்தால் அந்தச் சிக்கல் வராது.

நான்காவது எல்லை: 'தனது அனுமதியின் வரம்புக்குள் செயற்படுபவர்' என்ற சொற்றொடர். பல் வைத்தியர் இதய நோய்க்குச் சான்றளிக்க முடியாது. முறிவு வைத்தியத்துக்கு மட்டும் பதிவு பெற்றவர் நீரிழிவுக்கு எழுதிக் கொடுத்தால் அதுவும் செல்லாது.

ஐந்தாவது உறவு: காப்புறுதி பெற்றவரோ, அவருடைய வாழ்க்கைத் துணையோ, நெருங்கிய உறவினரோ அவருக்கான வைத்தியராக இருக்க முடியாது. எனது நண்பர் ஒருவர் தன் சொந்தத் தமையனிடம் சிகிச்சை பெற்றார். தமையன் அரச வைத்தியசாலையில் பல வருட அனுபவமுள்ளவர். ஆனாலும் அவர் கையெழுத்திட்ட படிவம் திரும்பி வந்தது. இன்னொரு மருத்துவர் கையெழுத்திட்ட பின்னரே பணம் கிடைத்தது.

வைத்தியர் மட்டுமல்ல

வைத்தியருக்கான வரைவிலக்கணத்தைக் கடந்த பின்னும் வேறு சில காத்திருக்கின்றன. 'வைத்தியசாலை' என்பதற்குத் தனி வரைவிலக்கணம் உண்டு. பதிவு, இரவு பகலாகத் தாதியர் சேவை, குறைந்தபட்சக் கட்டில்களின் எண்ணிக்கை போன்றவை அதிலே கேட்கப்படலாம். சித்த வைத்தியரை ஏற்றுக்கொள்ளும் பத்திரம்கூட அவருடைய சிகிச்சை நிலையத்தை வைத்தியசாலையாக ஏற்காமல் விடலாம்.

பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டவருக்கு வீட்டில் தாதி தேவைப்படும். பத்திரத்தில் 'பதிவு செய்யப்பட்ட தாதி' என்று இருந்தால், முகவர் நிலையம் அனுப்பும் பராமரிப்பாளருக்குக் கொடுக்கும் சம்பளம் அதற்குள் வராது. அவர் எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டாலும் வராது. இயன்மருத்துவரிடம் போவதற்கு வைத்தியரின் எழுத்து மூலப் பரிந்துரை முதலிலேயே தேவைப்படலாம். பின்னர் வாங்கிக் கொடுப்பது பலனளிக்காது.

மாரடைப்பு, புற்றுநோய் போன்றவற்றுக்கு மொத்தமாகப் பணம் தரும் கொடிய நோய்க் காப்புறுதியில், நோயை உறுதிப்படுத்துபவர் அந்தத் துறையின் விசேட வைத்திய நிபுணராக இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். குடும்ப வைத்தியரின் கடிதம் அங்கே போதாது.

மலையகத்தில் தோட்ட மருந்தகத்தில் பணிபுரியும் மருத்துவ உதவியாளரை மக்கள் 'டொக்டர் ஐயா' என்றே அழைக்கிறார்கள். பலருக்கு முதலில் கிடைக்கும் சிகிச்சை அவரிடமிருந்துதான். அவர் எழுதிக் கொடுக்கும் துண்டை மட்டும் நம்பிக் கோரிக்கை அனுப்பினால், எனக்கு வந்த கடிதமே அவர்களுக்கும் வரக்கூடும்.

அயலில் எப்படி எழுதியிருக்கிறார்கள்?

இந்தியாவில் மருத்துவக் காப்புறுதிக்கான வரைவிலக்கணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுதுவதில்லை. காப்புறுதித் துறையை ஒழுங்குபடுத்தும் அதிகார சபையே பொதுவான வரைவிலக்கணம் ஒன்றை வகுத்திருக்கிறது. மாநில அல்லது மத்திய மருத்துவ சபையில் மட்டுமல்ல, இந்திய மருத்துவ முறைகளுக்கான சபையிலோ ஹோமியோபதி சபையிலோ பதிவு பெற்று, தனது அனுமதியின் எல்லைக்குள் செயற்படுபவரும் அதன்படி வைத்தியரே. சித்த மருத்துவமும் அந்த இந்திய மருத்துவ முறைகளில் ஒன்று.

இதனால் எல்லாச் சித்த மருத்துவச் செலவும் தானாகக் கிடைத்துவிடும் என்பதல்ல. வைத்தியசாலைக்கான நிபந்தனைகள் அங்கேயும் உண்டு. ஆனால் 'அவர் வைத்தியரே அல்லர்' என்ற வசனத்தை அங்கே எழுத முடியாது. அரசாங்கம் பட்டம் கொடுத்து, பதிவு கொடுத்து, தொழில் செய்ய அனுமதித்த ஒருவரைக் காப்புறுதிப் பத்திரத்தின் ஒரு வரி இல்லாமல் ஆக்குவதில்லை. இலங்கையிலும் இப்படியொரு பொது வரைவிலக்கணம் வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு. பாரம்பரிய சிகிச்சைக்குப் பணம் தர விரும்பாத நிறுவனம் அதை விலக்குகளின் பட்டியலில் வெளிப்படையாக எழுதட்டும். சிகிச்சைக்கு உச்ச வரம்பு விதிக்கட்டும். வரைவிலக்கணத்துக்குள் ஒளித்து வைப்பது நேர்மையல்ல.

நீங்கள் செய்யக்கூடியவை

பத்திரம் எடுக்கும்போதே வரைவிலக்கணப் பக்கத்தைக் கேளுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. "எனது குடும்பம் இன்ன வைத்தியரிடம் போவது வழக்கம், அவர் இந்த ஒப்பந்தத்தின் கீழ் ஏற்றுக்கொள்ளப்படுவாரா?" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள்.

சிகிச்சைக்குப் போகும்போது, சான்றிதழிலும் பற்றுச்சீட்டிலும் வைத்தியரின் பெயர், தகைமை, பதிவு இலக்கம், முத்திரை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பல கோரிக்கைகள் தடைப்படுவதற்கு இந்த இலக்கம் இல்லாததே காரணமாகிவிடுகிறது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், எந்தப் பிரிவின் கீழ் என்று கேளுங்கள். அந்தப் பிரிவின் சொற்களைக் கவனமாக வாசியுங்கள். 'சட்டப்படி பதிவு செய்யப்பட்ட வைத்தியர்' என்று மட்டும் இருந்து, எந்தச் சட்டம் என்று சொல்லப்படாவிட்டால் உங்கள் பக்கம் வாதம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் சொற்களில் ஐயம் இருந்தால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது சட்டத்தில் நெடுநாளாக ஏற்கப்பட்ட விதி. ஆனால் சொற்கள் தெளிவாக இருந்தால் அந்த விதி உதவாது. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். அதன் பின்னர் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

எனது பத்திரத்தின் சொற்கள் தெளிவாகவே இருந்தன. ஆகவே 48,500 ரூபாவும் எங்கள் கையிலிருந்தே போனது. அடுத்த வருடம் புதுப்பிக்கும் காலம் வந்தபோது, சித்த வைத்தியர்கள் பற்றிய அதே கேள்வியை மூன்று நிறுவனங்களுக்கு எழுதி அனுப்பினேன். ஒன்றிடமிருந்து பதிலே இல்லை. ஒன்று மறுத்தது. மூன்றாவது நிறுவனம், ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றவரின் சிகிச்சைக்கு வருடாந்தம் ஒரு வரம்பு வரை பணம் தருவதாகப் பின்னிணைப்பு ஒன்றை அனுப்பியது. வரம்பு பெரிதல்ல. கட்டுப்பணமும் சற்று அதிகம். ஆனாலும் எதற்குப் பணம் கட்டுகிறேன் என்பது இந்த முறை எனக்குத் தெரியும்.

அந்தப் பின்னிணைப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதை முதலே கேட்டிருக்கலாமே தம்பி" என்றார்.