பின்னற்கோடும் கருவியின் உரிமையும்

ஒரு திசையில் நெருக்கமாகக் கோடுகளை இழுத்து, அவற்றின்மேல் வேறு திசையில் கோடுகளைப் பின்னி நிழல் காட்டும் சித்திர முறையைப் பின்னற்கோடு எனலாம். இன்று கணினியில் வரையும் யாழ்ப்பாணத்து மாணவர் அந்நிழலை ஒரே இழுப்பில் பெற்றுவிடுகின்றனர். அதற்கென்றே ஆக்கப்பட்ட தூரிகைகள் மென்பொருளில் உள்ளன. அத்தூரிகை யாருடைய கையின் சாயல்? அதனை ஆக்கும் உரிமை யாருக்குரியது? இவ்வினாக்களுக்கு வரலாறே விடை கூறும்.

அச்சுப் படங்களில் இம்முறை வேரூன்றியமைக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. அச்சியந்திரம் கறுப்பு மையையும் தாளின் வெண்மையையுமே அறியும். சாம்பல் நிறத்தை அறியாது. ஆகவே கோட்டின் தடிப்பாலும் நெருக்கத்தாலுமே ஒளியையும் நிழலையும் காட்ட வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தோமஸ் பீவிக் கடினமரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கும் கலையைச் செம்மைப்படுத்தினார். ஈயவெழுத்துக்களோடு படத்தையும் சேர்த்து அச்சிடும் வழி விரிந்தது. 1842இல் தோன்றிய 'இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' போன்ற படப் பத்திரிகைகளுக்காகப் பெரிய மரக்கட்டை துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. பல தொழிலாளர் இரவிரவாகச் செதுக்கினர். துண்டுகள் மீண்டும் பூட்டப்பட்டு அச்சேறின. செதுக்கியோரிற் பெரும்பாலோரின் பெயர்கள் மறைந்தன. புள்ளிகளால் சாம்பல் நிறம் காட்டும் 'ஹாஃப்டோன்' முறை பரவியதும் அவர்களது தொழிலும் மறைந்தது.

நம் மண்ணிலும் அச்சுக் கருவியின் கதை அதிகாரத்தோடு மோதியே தொடங்குகின்றது. 1820இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் அச்சாளர் ஜேம்ஸ் கரெட்டை ஆங்கில ஆட்சி வெளியேற்றியது. 1834இலேயே மானிப்பாயில் அம்மிஷனின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கிற்று; 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. அந்நூற்றாண்டின் நடுவில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை நிறுவினார். கருவி கைக்கு வந்த பின்னரே எதிர்க்குரலும் அச்சேறியது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றது. அச்சுத்தாளுக்குக் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் பத்திரிகைகள் வெளிவந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இரு மாணவர்கள் 'கிம்ப்' என்னும் சித்திர மென்பொருளை எழுதத் தொடங்கியிருந்தனர். 1996இல் வெளிவந்த அது, எவரும் பெறவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கும் கட்டற்ற மென்பொருளாக இன்று விளங்குகின்றது. பணம் கொடுத்துத் தூரிகை வாங்க இயலாத பாடசாலைக்கும் அது திறந்தேயிருக்கின்றது.

அதில் தூரிகை ஆக்குவது அரிய வித்தையன்று. தாளில் பேனாவால் ஐந்தாறு கோட்டுக் கற்றைகளை வரைந்து ஸ்கான் செய்க. கறுப்பும் வெள்ளையுமான படமாக்கி, தூரிகைக்குரிய கோப்பாகச் சேமிக்கையில் கறுப்பு மையாகும்; வெண்மை ஒளிபுகும் இடமாகும். கற்றைகள் அனைத்தையும் ஒரே தூரிகையில் அடுக்கி, மாறிமாறி விழச் செய்தால் ஒரே தடம் திரும்பத் திரும்பத் தோன்றாது. தடங்களுக்கிடையேயான தூரத்தைச் சீராக்குக. கோணத்தை முதலில் நிலையாக வைத்து ஒருமுறை பூசி, பின் கோணத்தை மாற்றி வேறொரு அடுக்கில் பூசினால் பின்னல் பிறக்கும்.

எனினும், தூரிகை உழைப்பைக் குறைக்குமேயன்றிப் பார்வையைத் தராது. கோடு எத்திசையில் ஓடினால் பனையின் உருட்சி தோன்றும் என்பதைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும். பிறர் ஆக்கிய தூரிகையை மட்டுமே நம்புவோர் பிறருடைய கையசைவையே திருப்பிச் செய்வர். கிடுகு வேலியின் பின்னலையும் பனையோலையின் நரம்பையும் பார்த்துத் தம் கோட்டைத் தாமே ஆக்கும் மாணவரோ கருவியின் எசமானர் ஆவர். சித்திர வகுப்பில் ஆசிரியர் முதலிற் கற்பிக்க வேண்டியது இதுவே. ஆக்கிய தூரிகையைப் பூட்டி வையாது அடுத்த பாடசாலைக்கும் கொடுப்பது அதன் இரண்டாம் பாடம்.