பழைய இடவியல் வரைபடங்களும் ஊர் வரலாறும்

நிலத்தின் மேடு பள்ளம், நீர்நிலை, பாதை, குடியிருப்பு ஆகியவற்றை நேரில் அளந்து குறியீடுகளால் காட்டும் படமே இடவியல் வரைபடம். துறை வழக்கில் ‘டோபோ ஷீட்’. கல்வெட்டோ செப்பேடோ கிடைக்காத சிற்றூர்களுக்கு, கடந்த நூறு ஆண்டுகளைப் பற்றிப் பேசும் சான்றாக இத்தாள் ஒன்றே மிஞ்சுவதும் உண்டு. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவன தமிழ்நாட்டுத் தாள்கள்.

இந்திய நில அளவைத் துறை 1767இல் தோன்றியது. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதுவே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன், முக்கோண அளவைக்கு அடிப்படையான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். மலை இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்கு உயரமான நிலையங்களாக உதவின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சீர்செய்தார். 1904-05ஆம் ஆண்டு நில அளவைக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வண்ணத் தாள்கள் வரத் தொடங்கின. ஊர் வரலாறு தேடுவோருக்கு இவையே முதன்மையானவை.

தாள் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. நான்கு பாகை அகல நீளமுள்ள பெருங்கட்டத்துக்கு ஓர் எண். அதன் பதினாறு பிரிவுகளுக்கு ஆங்கில எழுத்துகள். அவை ஒவ்வொன்றிலும் மீண்டும் பதினாறு தாள்கள். மதுரை நகரம் 58 கே/1இல் வரும். பழைய தாளில் ஓர் அங்குலம் ஒரு மைல். மெட்ரிக் முறைக்கு மாறியபின் வந்தவற்றில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்.

முதலில் படிக்க வேண்டியது கண்மாயை. கிழக்கே சரியும் மதுரை, இராமநாதபுரம் சமவெளியில் நீர் மேற்கிலிருந்து வரும். ஆகவே கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் வில்லாக வளைந்திருக்கும். கரையருகே ‘3ஆர்’ என்பதுபோல் எழுதியிருந்தால், அது சுற்றுத் தரையிலிருந்து கரையின் உயரம். கரைக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஆயக்கட்டு. கரையின் ஓரத்திலிருந்து கிளம்பும் ஓடையைப் பென்சிலால் தொடர்ந்தால் அது அடுத்த கண்மாயில் போய் விழும்: ஒன்றின் கலுங்கு (மிகைநீர் வழி) வழிந்து மற்றொன்று நிறையும் ஏற்பாடு. இன்றைய செயற்கைக்கோள் படத்தை அருகில் வைத்துப் பார்த்தால் சங்கிலி எங்கே அறுந்தது என்பது தெரிந்துவிடும். அதே 58 கே/1 பரப்பில்தான் உலகனேரிக் கண்மாயும் இருந்தது. 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் கண்மாய்ப் பகுதியில் நிற்கிறது.

நீரில் மறைந்த ஊர்களையும் இத்தாள்கள் காட்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. அதற்கு முந்தைய அளவையில் காவிரி ஓர் ஒடுங்கிய ஆறு. அதன் இரு கரையிலும் ஊர்கள். நீர்மட்டம் குறையும் கோடையில் பண்ணவாடிப் பகுதியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தலைகாட்டும். 1955இல் முடிந்த பவானிசாகர் அணை டணாய்க்கன்கோட்டையை மூழ்கடித்தது.

ஊர்ப்பெயர்களைப் படிக்கப் பொறுமை தேவை. டிரிச்சினோப்போலி, டின்னவெல்லி என்று எழுதியவர்கள் சிற்றூரை மட்டும் விட்டுவைப்பார்களா? ல, ள, ழ வேறுபாடு ஆங்கில எழுத்தில் கரைந்துவிடும். வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே வழி. ஏந்தல், ஊருணி, குளம் என முடியும் பெயருள்ள இடத்தில் இன்று நீர் இல்லாவிட்டாலும், முன்பு ஒரு நீர்நிலை இருந்ததா என்று தேடுவது வீண்போகாது. சத்திரம் என்ற சொல் வழியில் தனியே நின்றால், அதைத் தொட்டுச் செல்லும் வண்டிப்பாதை பழைய பயணவழியாக இருக்கக்கூடும்.

ஏமாறும் இடங்களும் உண்டு. தாளின் அடியில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியே இருக்கும். வரலாற்றுக்கு வேண்டியது அளந்த ஆண்டு. பழைய தாள்களின் ஆயத்தொலைகள் எவரெஸ்ட் நீள்கோளக் கணக்கில் அமைந்தவை. அவற்றை அப்படியே ஜிபிஎஸ் கருவியில் இட்டால் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளிக் காட்டும். கோயில், ரயில் நிலையம் போன்ற மாறாத புள்ளிகளை வைத்து க்யூஜிஐஎஸ் மென்பொருளில் பொருத்துவது நல்லது. நிலம் யாருடையது என்பது டோபோ ஷீட்டில் இருக்காது; அதற்குப் புலப்படமும் ‘அ’ பதிவேடும் வேண்டும். ஊரிலிருந்து விலகிப் பெயரில்லாமல் நிற்கும் வீட்டுத் தொகுதி சேரியா, பண்ணையாட்களின் குடியிருப்பா என்பதையும் தாள் சொல்லாது. அளந்தவர் அதற்குப் பெயர் கேட்டு எழுதவில்லை என்பதே ஒரு செய்திதான்.

நில அளவைத் துறையின் திறந்த வரிசைத் தாள்கள் 2017 முதல் இணையத்தில் கிடைக்கின்றன. 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு வெளியிட்ட 1:2,50,000 அளவுத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்துள்ளது. அவற்றில் சிறு கண்மாய்கள் தெளிவாகத் தெரியா. ஊருக்குப் போகும்போது தாளைப் பெரிதாக்கி அச்செடுத்துக்கொண்டு போங்கள். மடை திறக்கும் நீர்பாய்ச்சி இன்னும் இருந்தால் முதலில் அவரிடம் காட்டுங்கள். தாளில் பெயரில்லாத நீர்நிலைகளின் பெயர்களை அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.