தென்திருவிதாங்கூர் எல்லைப் பகுதியில் என்பு முறிவு மருத்துவம்: சொல் வழி ஒரு வரலாறு

வர்ம மருத்துவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தோடு நின்றுவிடுகின்றன. கல்குளம், விளவங்கோடு ஆகிய பகுதிகள் அம்மரபின் இருப்பிடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் மரபின் எல்லையும் ஆட்சியின் எல்லையும் ஒன்றல்ல. களியக்காவிளையைக் கடந்ததும் வரும் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை எனத் தொடரும் ஊர்களிலும் அடிமுறை பயிற்றிய ஆசான்மாரே என்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் மருத்துவராக விளங்கினர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரே மருத்துவ மரபு இருவேறு கல்வி மொழிகளுக்கு உட்பட்டது. இதனால் அம்மரபின் நூல்களுக்கு நேர்ந்தது யாது என்பதை அதன் கலைச்சொற்களின் வழியே காண்பது பயனுடையது.

இம்மருத்துவம் இப்பகுதியில் வேரூன்றியமைக்குத் தற்காப்புக் கலை மட்டுமே காரணம் எனக் கொள்வது முழுமையாகாது. பனைத்தொழில் பரவியிருந்த நிலம் இது. பனையேறி ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை அதே மரங்களில் ஏறி இறங்குவார். மழைக்காலத்தில் மரம் வழுக்கினாலோ தளைநார் அறுந்தாலோ வீழ்ச்சி உறுதி. உயரத்திலிருந்து விழுவோருக்குக் குதிகால், முதுகுத்தண்டு, மணிக்கட்டு ஆகியவை முறிவது இயல்பு. களரியில் அடிபட்டோரைக் காட்டிலும் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தோரே ஆசானின் கைக்கு மிகுதியான பயிற்சி அளித்திருப்பர் எனக் கருத இடமுண்டு. வீரக்கதைகளில் இச்செய்தி இடம்பெறுவதில்லை.

வர்ம நூல்கள் பொதுவாக நூற்றெட்டு வர்மங்களைக் கூறுகின்றன. அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. சுசுருத சங்கிதையோ 107 மர்மங்களை உடற்கூற்றின் அடிப்படையில் பகுத்துத் தசைக்கு 11, சிரைக்கு 41, நாருக்கு 27, என்புக்கு 8, மூட்டுக்கு 20 எனக் கணக்கிடுகிறது. எண்கள் நெருங்கியிருப்பதால் இரண்டும் ஒன்றே எனக் கூறுவோர் உளர். அது மேலோட்டமான முடிவு. சுசுருதர், அடிபட்ட இடம் எதனால் ஆனது என்று கேட்கிறார். தமிழ் நூல்கள் அடியின் விளைவு யாது, அடிபட்டவர் எத்தனை நாழிகையில் மயங்குவார், எந்த அடங்கலைத் தட்டி அவரை மீட்பது என்று கேட்கின்றன. அடியின் வலிமையையே ஒரு மாத்திரை, அரை மாத்திரை, கால் மாத்திரை என அளக்கின்றன. தமிழ் மரபில் மூட்டுக்கெனத் தனி வர்ம வகுப்பு அமையாமைக்கு இதுவே காரணம். என்பும் மூட்டும் ‘ஒடிவு முறிவு’ எனப் பெயர் பெற்ற தனி நூல் வகைக்கு உரியனவாயின.

‘ஒடிவு முறிவு’ என்னும் இத்தொடர் எல்லையின் இருபுறமும் ஒரே பொருள் தருவதில்லை. இன்றைய தமிழில் முறிவு என்றாலே என்பு முறிவுதான். மலையாளத்தில் என்பு உடைதல் ஒடிவு எனப்படும். முறிவு என்பது வெட்டுப்புண், காயம். எனவே தமிழ் கற்றவர் இத்தொடரை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வார். மலையாளம் கற்றவர் என்புடைவு, புண் என்னும் இருவேறு நோய்களாகக் கொள்வார். முறிவெண்ணெய் இதற்குத் தக்க சான்று. புங்கிலை, வெற்றிலை, சோற்றுக் கற்றாழை, முருங்கையிலை, சிறிய வெங்காயம் முதலியவற்றின் சாற்றை அரிசி கழுவிய நீருடன் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி எடுக்கும் இவ்வெண்ணெய், என்புடைந்த கட்டின்மேலும் ஊற்றப்படுகிறது, புண்ணிலும் இடப்படுகிறது. அதன் பெயர் இரண்டு மொழிப் பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. சதைவு, உளுக்கு ஆகிய சொற்களும் சிறு ஒலி வேறுபாட்டுடன் இருமொழிக்கும் உரியன. மலையாளத்தில் முட்டு என்பது முழங்காலைக் குறிக்கத் தமிழில் மூட்டு எல்லாப் பொருத்துகளையும் குறிக்கும். ஒரு பாடலில் ‘முட்டு’ என வருமிடத்தில் முழங்காலா, பொதுவாக மூட்டா என்பது மருத்துவத்தையே மாற்றிவிடக்கூடிய கேள்வி.

வர்மம் மர்மம் ஆனதும் இத்தகையதே. மலையாள வழிக் கல்வி பெற்ற தலைமுறை இச்சொல்லை மர்மம் எனச் சொல்லத் தொடங்கியபோது ஒலி மட்டும் மாறவில்லை. மேற்கோள் நூலும் அகத்தியர் பெயரிலான பாடல்களிலிருந்து சுசுருத சங்கிதைக்கு இடம்பெயர்ந்தது. திருவனந்தபுரத்தில் 1889இல் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலை சமற்கிருத நூல் மரபையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்ச் சுவடி கற்ற ஆசானுக்கு அங்கு இடம் அரிது.

ஒப்புநோக்கத்தக்க நிகழ்வு இங்கிலாந்தில் உண்டு. லிவர்பூலில் என்பு கட்டுவோராக வாழ்ந்த இவான் தாமசு, உரிமமின்றி மருத்துவம் பார்ப்பவர் என்னும் பழிக்கு ஆளானவர். அவர் தம் மக்களை மருத்துவம் கற்கச் செய்தார். அவர்களுள் ஒருவரான இயூ ஓவன் தாமசு (1834–1891) வடிவமைத்த கால் தாங்கி, முதல் உலகப் போரில் தொடையென்பு முறிந்த வீரர் பலரின் உயிரைக் காத்தது. குடும்பக் கைத்திறன் அறுவை மருத்துவத்திற்குள் நுழைய அங்கு ஒரு தலைமுறை போதுமானதாயிற்று. தென்திருவிதாங்கூரில் நெய்யூர் மருத்துவப் பணி 1838இலேயே தொடங்கியும் அத்தகைய இணைப்பு நிகழவில்லை.

ஆசான்களின் முறை குறையற்றது என்பதும் இதன் பொருளன்று. மூங்கில் தப்பை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் பூசிக் கட்டும் கட்டு இறுகிவிட்டால் குருதியோட்டம் தடைப்பட்டுக் கைவிரல்கள் நிலையாக மடங்கிப் போகும். செருமானிய மருத்துவர் வோல்க்மன் 1881இல் விளக்கிய ஊனம் இது. முழங்கை முறிவைத் தொடக்கத்திலேயே வன்மையாகத் தடவினால் தசைக்குள் என்பு வளர்ந்து மூட்டு அசைவற்றுப் போகும். ஒளிப்படமின்றிக் கைவிரலால் மட்டும் முறிவை அறிவதில் தவறு நேர்வது இயல்பு.

சட்டத்தின் நிலை வேறு. 1953ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கில், ஏற்கப்பட்ட தகுதியற்ற பாரம்பரிய வைத்தியர்கள் மருத்துவம் செய்ய உரிமையில்லை என உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நோயாளியின் பாதுகாப்பு நோக்கில் இது ஏற்கத்தக்கதே. ஆயினும் மருத்துவம் நின்றால் சுவடியைப் பொருள்கொள்ளும் கையும் நின்றுவிடும். பாடலில் ‘விலக்கி அமர்த்து’ என ஒரு தொடர் வந்தால் எப்பக்கம் விலக்குவது என்பதை ஏடு சொல்லாது; செய்து காட்டியவரே அறிவர்.

சென்னை ஆசியவியல் நிறுவனம் 1994இல் வர்ம சூத்திரத்தைப் பதிப்பித்தது. பிலிப் சாரில்லி (1998), ரோமன் சீலர் (2015) ஆகியோரின் ஆங்கில நூல்கள் இக்கலையை உலகறியச் செய்தன. எனினும் சுவடிப் பதிப்புகளில் சொல்லாய்வு போதவில்லை. தமிழ்ப் பாடலை மலையாள எழுத்தில் பெயர்த்தெழுதுவோர் ககரம் எங்கு வல்லொலி, எங்கு மெல்லொலி என ஒவ்வோர் இடத்திலும் முடிவுசெய்தாக வேண்டும். அம்முடிவே பின்னர் பாடமாகிவிடுகிறது. எல்லைப் பகுதிச் சுவடிகளைப் பதிப்பிப்போர் ‘முறிவு’, ‘முட்டு’ போன்ற சொற்களுக்கு இருமொழிப் பொருளையும் அடிக்குறிப்பில் தந்து, கட்டத் தெரிந்த முதியோரிடம் ஒவ்வொரு பாடலையும் கேட்டு உறுதிசெய்த பின்னரே பாடம் கொள்ள வேண்டும். இப்பணிக்குத் தமிழும் மலையாளமும் உடற்கூறும் அறிந்தோர் ஓரிடத்தில் கூடுவது இன்றியமையாதது.