பனியில் கந்தகம், ஓலையில் பெயர்

கிரீன்லாந்தின் பனிப்பாளத்தில் 1258, 1259ஆம் ஆண்டுகளுக்குரிய அடுக்கில் கந்தக அமிலம் செறிந்து கிடக்கிறது. அண்டார்டிகாவின் பனியிலும் அதே காலத்தில் அதே தடம். 1815இல் வெடித்த தம்போரா துருவப் பனியில் விட்டுச்சென்ற கந்தகத்தைப் போல இது இரண்டு மடங்கு. 1883இல் வெடித்த கிரகட்டோவாவைப் போல எட்டு மடங்கு. அந்த இரண்டு எரிமலைகளைப் பற்றியும் நூலகங்களில் எவ்வளவோ புத்தகங்கள் உண்டு. அவற்றை மிஞ்சிய இந்த வெடிப்புக்கு மட்டும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊரும் இல்லை, பேரும் இல்லை.

பழைய ஆவணங்களைப் படிப்பதே என் வேலை. ஐரோப்பிய மடாலயக் குறிப்பேடும் அரபு வரலாறும் ஜப்பானியப் பஞ்சப் பதிவும் ஜாவானிய ஓலையும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வரிசையில் வந்து நிற்பது அரிது. அந்தக் கேள்வி இதுதான்: 1258இன் வானத்தைக் கந்தகத்தால் நிரப்பிய மலை எது? விடையைத் தேடிய அறிவியலாளர்களின் கட்டுரைகளையும் அவர்கள் கையாண்ட பழம்பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்கினேன்.

பனி சொன்னது

எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடு வெகு உயரத்துக்குப் போனால் அங்கே ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலத் துளிகளாக மாறும். ஓரிரு ஆண்டுகள் காற்றில் மிதந்து, பிறகு பனியோடு இறங்கும். துருவங்களில் ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் பனி படிவதால், துளையிட்டு எடுத்த பனித்தண்டின் அடுக்குகளை எண்ணினால் ஆண்டு தெரிந்துவிடும். 1980இல் ஹாமர், கிளாசன், டான்ஸ்கோர் ஆகிய டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்துப் பனியின் அமிலத்தன்மையை அளந்து எரிமலைகளின் வரலாற்றை வெளியிட்டார்கள். 1258ஐ ஒட்டிய உச்சம் அதில் தனித்து நின்றது.

வடதுருவத்திலும் தென்துருவத்திலும் ஒரே சமயத்தில் தடம் இருந்ததுதான் முதல் துப்பு. ஐஸ்லாந்தில் 1783இல் லாக்கி என்ற இடத்தில் 27 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை பிளந்து, எட்டு மாதம் குழம்பையும் வாயுவையும் கக்கியது. அந்தத் தீவின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். ஆனாலும் அதன் கந்தகம் வடக்கிலேயே நின்றுவிட்டது. இரு துருவங்களையும் தொட வேண்டுமென்றால் எரிமலை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். கந்தகமும் மழை மேகங்களுக்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்குக்குள் ஏறியிருக்க வேண்டும். இரு துருவப் பனியிலும் நுண்ணிய எரிமலைக் கண்ணாடித் துகள்கள் கிடைத்ததாகவும், அவை ஒன்றையொன்று ஒத்திருந்ததாகவும் 1992இல் ஒரு கட்டுரை வந்தது. தூரத்து மலை ஒன்று தன் கைரேகையை இரண்டு இடத்தில் பதித்திருக்கிறது. அந்த ரேகை யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

துறவிகள் எழுதியது

அடுத்து மனிதர்களின் எழுத்து. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்துத் துறவி மத்தேயு பாரிஸ், 1259இல் இறக்கும்வரை ஆண்டுதோறும் நடப்புகளை எழுதிவந்தவர். 1258ஐப் பற்றிய அவருடைய பக்கங்களில் விலகாத குளிர், பயிர் முளைக்காத வயல், ஏறிய தானிய விலை, லண்டன் தெருக்களில் பசியால் விழுந்து செத்தவர்கள் என்று துயரம் அடுக்கடுக்காக வருகிறது. ஜப்பானில் அதே ஆண்டுகளில் ஷோகா பஞ்சம். பௌத்தத் துறவி நிச்சிரென் 1260இல் ஆட்சியாளர்களிடம் அளித்த புகழ்பெற்ற நூலுக்கு அக்காலத்துப் பஞ்சமும் நோயும்தான் தூண்டுதல். மர வளையங்களும் 1258, 1259ஆம் ஆண்டுகளின் கோடை பல நாடுகளில் கடுங்குளிராக இருந்ததைக் காட்டுகின்றன.

லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இடைக்கால மருத்துவமனை ஒன்றின் இடுகாட்டை அகழ்ந்தபோது 10,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. மொத்தமாகப் புதைத்த குழிகளை முதலில் 1348இன் கொள்ளைநோயோடு சேர்த்தே நினைத்தார்கள். கார்பன் காலக்கணிப்பு அவற்றில் பலவற்றை நூறாண்டு முன்னுக்கு, 1250ஐ ஒட்டித் தள்ளியது. இந்தச் சாவுகளை எரிமலையின் கணக்கில் எழுதப் பலருக்கும் ஆசை வரும். மத்தேயு பாரிஸின் 1257ஆம் ஆண்டுப் பக்கங்களைப் படித்தால் அந்த ஆசைக்குக் கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. மழையால் விளைச்சல் கெட்டது முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. எரிமலை ஏற்கெனவே பசித்திருந்த ஊரின் மேல் இன்னொரு கெட்ட ஆண்டைச் சுமத்தியது. அந்த அளவுக்கே ஆவணம் இடம் தருகிறது.

எனக்கு மிகவும் உதவியது வேறொரு சிறு குறிப்பு. பிரான்சின் அராஸ் நகரத்தில் 1257–58 குளிர்காலம் மிகவும் இதமாக இருந்ததாம். உறைபனி இரண்டு நாளைக்கு மேல் நீடிக்கவில்லை, ஜனவரியிலேயே வயலட் பூக்கள் பூத்தன. வெப்பமண்டலத்தில் பெரிய எரிமலை வெடித்தால் அதை அடுத்து வரும் குளிர்காலம் வட ஐரோப்பாவில் வெதுவெதுப்பாக இருப்பதைக் காலநிலை ஆய்வு அறியும். அப்படியானால் வெடிப்பு நடந்தது அந்தக் குளிர்காலத்துக்கு முன்பு, அதாவது 1257இல்.

எந்த வகை மலை?

ஆண்டு கிடைத்துவிட்டது. இடத்துக்கு ஏடுகள் உதவவில்லை. விளைவை எழுதியவர்களில் யாரும் மலையைப் பார்த்தவர்கள் அல்லர். இங்கே எரிமலைகள் எப்படி உருவாகின்றன என்ற அடிப்படைப் பாடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பூமியின் ஓடு பல தட்டுகளாகப் பிளந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. தட்டுகள் விலகும் இடத்தில் அடியிலிருந்து மேலெழும் சூடான பாறை, அழுத்தம் குறைவதால் உருகுகிறது. நடுக்கடல் மலைத்தொடர்களும் ஐஸ்லாந்தும் இப்படிப் பிறந்தவை. தட்டின் நடுவிலும் ஆழத்திலிருந்து வெப்பம் ஊற்றாக ஏறி வருவதுண்டு; ஹவாய் அதற்கு எடுத்துக்காட்டு. இந்த இரண்டு வழியிலும் பெரும்பாலும் பசால்ட் என்னும் நீர்த்த குழம்பு வருகிறது. அது வழிந்தோடிப் பரவி, கவிழ்த்த கேடயம்போலச் சரிவு குறைந்த பெருமலையாகும். ஹவாயின் மவுனா லோவா இப்படிப்பட்ட கேடய எரிமலை. குழம்பு துண்டு துண்டாகச் சிதறி வாயைச் சுற்றிக் குவிந்தால் சிறு கூம்பு எழும். மெக்சிகோவில் 1943இல் ஒரு சோளக் கொல்லையில் முளைத்து 1952இல் அடங்கிய பரிக்குத்தின் அந்த வகை.

மூன்றாவது வழி, ஒரு தட்டு இன்னொன்றின் கீழே புதைவது. கடலடித் தட்டு தன்னுள் இருக்கும் நீரையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே உள்ள பாறையில் கலக்கும்போது பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடுகிறது. உருகிய குழம்பு மேலே ஏறும் வழியில் சிலிக்கா மிகுந்து கெட்டிப்படுகிறது. கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு இதன் ஆபத்து புரியும்: நீர்த்த கூழில் ஆவி சத்தமில்லாமல் வெளியேறும், கெட்டிக் களியிலோ குமிழ் உள்ளே அடைபட்டு வெடித்துக் கையைச் சுடும். கெட்டிக் குழம்பில் அடைபட்ட நீராவியும் கந்தக வாயுவும் மலையின் தலையைப் பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து செங்குத்தாக உயரும் இவற்றைக் கூட்டு எரிமலை என்கிறோம். ஜப்பானின் ஃபூஜி, பிலிப்பைன்ஸின் மாயோன், ஜாவாவின் மெராப்பி எல்லாம் இந்தக் குடும்பம். வெடிப்பு மிகப் பெரிதாகி அடியில் இருந்த குழம்பறை காலியாகிவிட்டால், தாங்க ஆதாரமில்லாமல் மலையே உள்ளே இடிந்து விழும். அப்படி உண்டாகும் பெருங்குழிக்குக் கால்டெரா என்று பெயர்.

தேட வேண்டியது இப்போது தெளிவாகிவிட்டது: வெப்பமண்டலத்தில், தட்டு புதையும் கோட்டின் மேல், 13ஆம் நூற்றாண்டில் இடிந்த ஒரு கால்டெரா.

தள்ளுபடியான பெயர்கள்

ஏட்டுச் சான்றை மட்டும் பார்த்தால் முதல் சந்தேகம் அரேபியாவின் மேல் விழும். 1256 கோடையில் மதீனாவுக்கு அருகே ஹர்ரத் ராஹத் எரிமலை வயல் வெடித்ததை அரபு வரலாற்றாசிரியர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். குழம்பு ஏறத்தாழ 52 நாள் ஓடி 23 கிலோமீட்டர் தூரம் போனது. ஆண்டும் நெருங்கி வருகிறது, நேரில் கண்டவர்களும் உண்டு. ஆனால் அது நீர்த்த பசால்ட் குழம்பு. வரிசையாகச் சிறு கூம்புகளை எழுப்பிவிட்டு அடங்கியது. இரு துருவத்தையும் எட்டும் கந்தகத்தை உயரே ஏற்றும் வலு அந்த வகை வெடிப்புக்கு இல்லை.

மெக்சிகோவின் எல் சிச்சோன், எக்குவடோரின் கிலோட்டோவா, நியூசிலாந்தின் ஒக்கட்டைனா ஆகியவையும் பட்டியலில் இருந்தன. காலமோ, கண்ணாடித் துகளின் வேதியியலோ, அளவோ ஏதாவது ஒன்று இடித்தது. எந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

ஓலை சொன்னது

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் பழைய ஜாவானிய மொழியில் பனை ஓலையில் எழுதிய வரலாறு ஒன்று உண்டு. 'பாபத் லொம்போக்' என்று பெயர். ரிஞ்சானி மலை சரிந்ததையும், அதன் பக்கத்தில் இருந்த சமாலாஸ் மலை இடிந்து விழுந்ததையும், ஏழு நாள் நிலம் அதிர்ந்ததையும், பாமட்டான் என்ற தலைநகரம் வீடுகளோடும் மக்களோடும் அழிந்ததையும், தப்பியவர்கள் மேட்டுக்கு ஓடியதையும் அது சொல்கிறது. எழுதப்பட்ட காலம் நிகழ்வுக்குப் பிந்தியது. அதனால் பலருக்கு அது செவிவழிக் கதையாகவே பட்டிருக்கும்.

அந்தக் கதையைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு மண்ணில் சரிபார்த்தது பிரெஞ்சுப் புவியியலாளர் ஃபிராங் லாவின் தலைமையிலான குழு; அதில் இந்தோனேசிய ஆய்வாளர்களும் இருந்தார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 3,726 மீட்டர் உயரமுள்ள ரிஞ்சானியின் தோளையொட்டி 6 கிலோமீட்டருக்கு 8.5 கிலோமீட்டர் அளவில் ஒரு கால்டெரா இருக்கிறது. செகாரா அனாக் ஏரி நிறைந்திருக்கும் அந்தக் குழிதான் ஒரு காலத்துச் சமாலாஸ். வெடித்தபோது எரிசாம்பலும் பாறையும் கலந்த வெள்ளம் 25 கிலோமீட்டர் ஓடிக் கடற்கரையில் கனத்துப் படிந்தது. அதற்குள் கரிந்துகிடந்த மரங்களைக் கார்பன் கணிப்புக்கு உட்படுத்தியபோது 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று வந்தது. வெளியேறிய பொருள் கெட்டிப்பாறை அளவில் குறைந்தது 40 கன கிலோமீட்டர். தூண்போல் எழுந்த சாம்பல் 43 கிலோமீட்டர் உயரம்வரை போனது. லொம்போக்கின் நுரைக்கல்லில் உள்ள கண்ணாடி, இரு துருவப் பனியில் கிடைத்த துகளோடு பொருந்தியது. கைரேகைக்கு உரியவன் கிடைத்துவிட்டான்.

மாதம்கூட ஓரளவு தெரியவந்தது. நுரைக்கல் மேற்கு நோக்கிப் பரவியிருக்கிறது. அந்தத் தீவில் கிழக்குக் காற்று வீசுவது வறண்ட பருவத்தில். ஆகவே 1257 மே முதல் அக்டோபர்வரை ஏதோ ஒரு நாள். அராஸ் நகரத்து வயலட் பூக்களும் இதற்கு ஒத்துப்போகின்றன.

இந்தியத் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் புதையும் நீண்ட கோட்டின் மேல்தான் லொம்போக் இருக்கிறது. அதே கோட்டின் வடபகுதியில் இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான அந்தமானின் பாரன் தீவு இருக்கிறது. சமாலாஸின் குழிக்குள் இப்போது பாருஜாரி என்ற இளம் கூம்பு வளர்ந்து வருகிறது. 1994, 2009, 2015ஆம் ஆண்டுகளில் அது வெடித்தது. உயர்ந்த கூட்டு எரிமலை, இடிந்த கால்டெரா, முளைக்கும் கூம்பு என்று பாடநூலில் தனித்தனிப் பக்கத்தில் படிப்பவற்றை ஒரே மலையில் பார்க்கலாம். ஒரே எரிமலையின் வெவ்வேறு வயதுகள் அவை.

தீர்ப்பு

தனியொரு சான்றால் இந்த வழக்கு முடிந்திருக்காது. பனி ஆண்டைச் சொன்னது, இடத்தைச் சொல்லவில்லை. கரிந்த மரம் இடத்தைச் சொன்னது, துல்லியமான ஆண்டைச் சொல்லவில்லை. துறவிகள் குளிரைச் சொன்னார்கள், காரணம் அறியவில்லை. மலைக்கும் அழிந்த ஊருக்கும் பெயர் தந்தது ஓலை மட்டுமே. பாமட்டான் நகரம் இன்னும் அகழ்ந்தெடுக்கப்படவில்லை. அது இருந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கும் வேலை.

தீராத வழக்குகள் இன்னும் உண்டு. 1808 டிசம்பரில் கொலம்பியாவின் பொகோட்டாவில் பிரான்சிஸ்கோ ஹோசே தெ கால்தாஸ் என்ற அறிவியலாளர், சூரியன் நிலவைப்போல ஒளி மங்கித் தெரிவதைக் கண்டு பதிவுசெய்தார். லீமாவில் மருத்துவர் இப்போலித்தோ உனானுவேயும் அந்தி வானில் புதுவித ஒளியைக் குறித்துவைத்தார். துருவப் பனியில் அதே காலத்து வெடிப்பு ஒன்றின் கந்தகமும் இருக்கிறது. மலை மட்டும் இன்றுவரை அகப்படவில்லை. ஆதலால் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ கோயில் பெட்டியிலோ பழைய ஓலைக்கட்டு, கணக்கேடு, நாட்குறிப்பு எது இருந்தாலும் கரையானுக்கு விடாதீர்கள். அருகில் உள்ள சுவடி நூலகத்தில் காட்டிப் படியெடுக்கச் செய்யுங்கள். 'சூரியன் மங்கியது' என்று யாரோ எழுதிவைத்த ஒரு வரி, உலகம் தேடும் சான்றாக இருக்கலாம்.