சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவர்கள்



சமாரியாவின் சிக்கார் ஊரில் நம் ஆண்டவர் தங்கியது இரண்டே நாள். யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இதைப் படிக்கிறோம். கிணற்றடியில் தண்ணீர் மொள்ள வந்த பெண்ணோடு பேசினார். அவர் சொல்லக் கேட்டு ஊரார் வந்து, தங்களோடு தங்கும்படி வேண்டினார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டுக் கலிலேயாவுக்குப் புறப்பட்டார். ஆகவே சில நாள் மட்டும் ஓர் ஊரில் தங்கிப் பணி செய்வதைக் குறைவாக எண்ண நமக்கு உரிமை இல்லை.

கோடை விடுமுறை வந்தால் நம் பங்குகளிலிருந்து இளையோர் வேன் பிடித்து மலைக் கிராமங்களுக்குப் போய் வருகிறார்கள். மூன்று நாள், ஐந்து நாள். மருத்துவ முகாம் நடக்கும், சிறுவர்களுக்குப் பாட்டும் விளையாட்டும் இருக்கும், மாலையில் செபமாலை, கடைசி நாளில் அரிசிப் பையோடு ஒரு படம். நல்ல மனத்தோடுதான் போகிறார்கள். ஆனால் வேன் திரும்பிய பிறகு அந்த ஊரில் என்ன மிஞ்சுகிறது? ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸ் நாட்டில் ஒரு குரு இந்தக் கேள்வியோடு வாழ்ந்தார். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஞாயிறுதோறும் கோவில் வாசலில் உண்டியல் ஏந்தி நிற்கிறார்களே, அந்தப் பெயருக்கு உரியவர்தான் அவர்.

வின்சென்ட் 1581இல் பிரான்சின் தென்மேற்கே பூய் என்னும் சிற்றூரில், குடியானவர் வீட்டில் பிறந்தார். 1600இல், 19 வயதிலேயே குருவானார். திருஅவைச் சட்டம் கேட்ட வயதைவிட அது குறைவு. இளமையில் அவர் தேடியது நல்ல வருமானமுள்ள ஒரு பதவியை. புனிதர்களின் வரலாற்றை எழுதுவோர் சிலர் இதை வேகமாகத் தாண்டிப் போவார்கள். நாம் தாண்ட வேண்டியதில்லை. 1613இல் கொந்தி என்ற பெரிய பிரபுக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்துக்குப் பல கிராமங்களில் நிலம் இருந்தது.

1617 ஜனவரியில், வடக்கே பிகார்டிப் பகுதியில், கான் என்ற ஊரில் ஒரு விவசாயி சாகக் கிடந்தார். ஊரில் நல்லவர் என்று பெயர் வாங்கியவர். வின்சென்ட் போய் அவரது வாழ்நாள் முழுவதற்குமான ஒப்புரவைக் கேட்டார். வெட்கத்தால் பல ஆண்டுகள் மறைத்து வைத்த பாவங்கள் அப்போதுதான் வெளிவந்தன. அந்த மனிதர் இறப்பதற்கு முன் கொந்தி அம்மையாரிடமே இதை வெளிப்படையாகச் சொன்னார். நல்லவர் என்று பெயரெடுத்தவரின் நிலையே இது என்றால் மற்றவர்களின் கதி என்ன என்று அம்மையார் கலங்கிப்போனார். இதே அம்மையாருக்கு வேறோர் அனுபவமும் உண்டு. தம் ஊர்க் குருவுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் சொற்களே தெரியவில்லை என்று கண்டு, அவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒப்புரவுக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் நீட்டினாராம். குருத்துவக் கல்லூரிகள் வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டிருந்தும் பிரான்சில் அது இன்னும் வேரூன்றவில்லை.

ஜனவரி 25, புனித பவுல் மனமாறிய விழா. அன்று பக்கத்து ஃபோல்வில் கோவிலில் வின்சென்ட் இதைப் பற்றியே மறையுரை ஆற்றினார். திரண்டு வந்த கூட்டத்துக்கு ஒப்புரவு கேட்டு முடியவில்லை. அமியென் நகரிலிருந்து இயேசு சபைக் குருக்களை உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு வசதி இருப்பதை இங்கே கவனிக்கலாம். தினமும் முகம் பார்க்கும் பங்குத்தந்தையிடம் சொல்ல நா எழாததை, நாளைக்குப் போய்விடும் குருவிடம் சொல்லிவிட முடிகிறது. தவக்காலத் தியானத்துக்கு வெளியிலிருந்து குருக்கள் வரும்போது எந்த வரிசை நீளுகிறது என்று பங்குத்தந்தையரான நாம் நன்றாகவே அறிவோம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சில ஆண்டுகள் கழித்து மோன்மிராய் பகுதியில் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒருவர் வின்சென்டிடம் நேரடியாகவே கேட்டார். நாட்டுப்புற மக்கள் ஒன்றும் அறியாத குருக்களிடம் விடப்பட்டிருக்கிறார்கள். நகரங்களிலோ வேலையற்ற குருக்கள் நிறைந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட திருஅவையையா தூய ஆவியார் நடத்துகிறார்? வின்சென்ட் ஏதோ பதில் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி குத்தியது. மறு ஆண்டு அதே பகுதிக்குச் சில குருக்களோடு வந்து ஊர் ஊராகப் பணி செய்தார். கேள்வி கேட்டவர் வந்து பார்த்தார், பின்பு கத்தோலிக்கத் திருஅவையில் சேர்ந்தார்.

1625 ஏப்ரல் 17இல் கொந்தி தம்பதியர் 45,000 லிவர் பணம் கொடுத்து, கிராமப் பணிக்கென்றே ஒரு குருக்கள் குழுவை ஏற்படுத்த ஒப்பந்தம் எழுதினார்கள். வேதபோதக சபையின் பிறப்பு இதுவே. அந்த ஒப்பந்தம் படிக்கத் தகுந்தது. குருக்கள் பெரிய நகரங்களில் மறையுரை ஆற்றக் கூடாது. போகிற ஊரில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது, செலவு பொதுப்பணத்திலிருந்து. அக்டோபர் முதல் ஜூன் வரை ஒரு மாதம் போலப் பணி செய்தால், ஏறத்தாழ 15 நாள் வீடு திரும்பி ஓய்வும் செபமும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிராமங்களில் இந்தப் பணி கிடையாது, ஏனெனில் அப்போது மக்களுக்கு வயலில் வேலை. நாம் நம் விடுமுறையைப் பார்த்துப் புறப்படுகிறோம். அவர்கள் குடியானவரின் அறுவடையைப் பார்த்துப் புறப்பட்டார்கள்.

தொடக்கத்தில் மூவர்தான். அதில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள். பணிக்குப் புறப்படும்போது வீட்டைப் பார்க்க ஆளில்லை. சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, இரவில் அங்கே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்களாம். தம்மிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு மறையுரை, அதையே பலவிதமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னேன் என்று வின்சென்ட் முதுமையில் நினைவுகூர்ந்தார். மறையுரை ஆற்றுகிற நமக்கு இது பெரிய ஆறுதல்!

ஊரில் நாள் எப்படிப் போகும்? விடியற்காலையில், மக்கள் வேலைக்குப் போகுமுன் மறையுரை. பிற்பகலில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி. வேலை முடிந்து வந்தபின் பெரியவர்களுக்கு. இடைப்பட்ட நேரத்தில் ஒப்புரவு, நோயாளர் சந்திப்பு, சண்டை போட்டுக்கொண்டவர்களைச் சேர்த்துவைப்பது. ஆயரின் ஆணையும் பங்குத்தந்தையின் இசைவும் இல்லாமல் போவதில்லை. எல்லாரையும் சந்திக்கும்வரை சில வாரங்கள் அங்கேயே தங்குவார்கள்.

புறப்படுமுன் அந்த ஊரில் அன்புப்பணிச் சங்கம் ஒன்றை அமைத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அதன் மூலம் 1617இலேயே இருக்கிறது. அந்த ஆகஸ்டில் வின்சென்ட் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்துவிட்டார்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை என்று திருப்பலிக்குமுன் தெரிந்தது. மறையுரையில் சொன்னார். பிற்பகல் அங்கே போனபோது வழியெல்லாம் பெண்கள் கூட்டம் கூட்டமாக உணவோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். இத்தனை உணவும் இன்றைக்கு வீணாகும், நாளைக்கு ஒன்றும் இராதே என்று அவருக்குப் பட்டது. சில நாளில் அந்தப் பெண்களையே கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வகுத்தார். டிசம்பரில் சங்கம் முறையாக நிறுவப்பட்டது. அதன் விதிகளில் ஒன்று: நோயாளருக்கு உணவு கொண்டுபோகிறவர், துணைக்கு ஆள் இருக்கிறவர்களின் வீட்டுக்கு முதலில் போகவேண்டும், தனியாய்க் கிடப்பவர்களிடம் கடைசியாகப் போகவேண்டும். அப்போதுதான் அவர்களோடு கூடுதல் நேரம் இருக்க முடியும்.

நம் அரிசிப் பைகளுக்கும் ஷாத்தியோனின் முதல் நாளுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்தப் பெண்களுக்கு இரண்டாம் நாள் என்று ஒன்று இருந்தது, பொறுப்பும் அவர்கள் கையிலேயே இருந்தது. 1629 முதல் புனித லூயிஸ் தே மரியாக் இந்தச் சங்கங்களை ஊர் ஊராகப் பார்வையிடப் போனார். சில தளர்ந்து போயிருந்தன. அவற்றை மறுபடி எழுப்பவேண்டியிருந்தது.

பாரிசுக்குப் பக்கத்தில் சுரேன் என்ற ஊரில் மார்கரித் நசோ என்றொரு பெண் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. ஓர் அரிச்சுவடியை வாங்கி, பங்குத்தந்தையிடமும் வழிப்போக்கர்களிடமும் இது என்ன எழுத்து என்று கேட்டுக் கேட்டே படிக்கக் கற்றார். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். வில்ப்ரே என்ற ஊரில் வின்சென்ட் பணியில் இருந்தபோது அவரைச் சந்தித்து, நோயுற்ற ஏழைகளுக்கு ஊழியம் செய்ய விரும்புவதாகச் சொன்னார். பாரிசின் அன்புப்பணிச் சங்கத்தில் சேர்ந்தார். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தம் படுக்கையிலேயே இடம் கொடுத்ததால் நோய் தொற்றி, 1633இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 29இல் லூயிஸ் அம்மையார் சில கிராமத்துப் பெண்களைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டு பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்தச் சகோதரிகளிடம் பேசும்போது, உங்களில் முதல் சகோதரி என்று வின்சென்ட் சுட்டிக்காட்டியது மார்கரித்தைத்தான்.