விளக்குக்கு முன் பிறந்த விதி



மாரிக்காலத்து மாலையில் கொடைக்கானல் வீடுகளில் மூடுபனி சமையலறைக்குள்ளும் புகும், சுவர் வியர்க்கும், அலமாரிக் கதவில் நீர்த்துளி படியும். பகலிலேயே வெளிச்சம் குன்றுவதால், பாத்திர அலமாரியின் அடியில், காய் நறுக்கும் மேடைக்கு நேர் மேலே, சிறு மின்விளக்குப் பொருத்துவது இக்கால வழக்கம். அந்தச் சிறு விளக்கிற்குமா சட்டம் என்று நீங்கள் நகைக்கலாம். உண்டு, அதன் வரலாறு சுவையானது.

1882-ஆம் ஆண்டில் எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் ஒளி வழங்கத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே லண்டன் பொறியாளர் சங்கம் ஒன்று, மின்விளக்கினால் தீ நேராமல் காக்கும் விதிகளை வெளியிட்டது. கம்பி சூடேறி மரத்தைப் பற்றிக்கொள்ளுமோ என்பதே அன்றைய பேரச்சம். நம் நாட்டில் 1887-இல், மின்சாரத்தால் உயிருக்கும் உடைமைக்கும் கேடு வராமல் காக்க ஒரு சட்டம் பிறந்தது. டார்ஜிலிங் மலையில் புனல்மின் நிலையம் எழுந்ததோ 1897-இல். கல்கத்தா நகரில் பொது மின்வழங்கல் தொடங்கியதோ 1899-இல். ஊருக்கு விளக்கு வருமுன்னரே விதி வந்துவிட்டது என்பதைக் கருதுங்கள்.

பின்னர் 1903-இலும் 1910-இலும் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. தமிழ்நாட்டில் 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின், மின்சாரம் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் பரவியது. மாளிகைக்கு வகுத்த விதி எளியோர் அடுக்களைக்கும் உரியதாயிற்று. 1956-இல் வந்த இந்திய மின்சார விதிகள் அதனை விரிவாக வகுத்துரைத்தன.

அவற்றுள் 32-ஆம் விதி ஒன்றே போதும். நிலத்தோடு இணைந்த நியூட்ரல் கம்பியில் தனியே ஸ்விட்சோ ஃபியூஸோ வைத்தலாகாது என்கிறது அது. ஏன்? நியூட்ரலில் ஸ்விட்ச் இருந்தால், அணைத்தவுடன் விளக்கு அணையும். ஆயினும் விளக்குத் தாங்கியில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். இருள் நம்மை ஏமாற்றும்.

இதை நான் நூலில் மட்டும் கற்றேன் அல்லேன். மலையில் எங்கள் வீட்டு அலமாரி விளக்கை அணைத்துவிட்டு, ஈரத்துணியால் அவ்விடத்தைத் துடைத்த என் தமக்கையாரை மின்சாரம் தாக்கித் தள்ளியது. உயிர் பிழைத்தார். கம்பி இழுத்தவர் ஸ்விட்சை நியூட்ரலில் வைத்திருந்தார். ஒரு கம்பி இடம் மாறியது, அவ்வளவே! நனைந்த கை மின்சாரத்திற்கு எளிதில் வழிவிடும் என்பதனால், பனிசூழ் மலையூரில் இப்பிழை இரட்டிப்புக் கொடியது.

உரிமம் பெற்றவரே கம்பிப்பணி செய்ய வேண்டும் என்ற 45-ஆம் விதியின் பொருளும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எர்த் என நாம் வழங்கும் நிலத்தொடர்பும் அத்தகையதே: உலோகக் கூட்டில் கசியும் மின்சாரம் நம் உடலை நாடாது மண்ணுக்குச் செல்ல அது வழிசெய்கிறது. இன்று 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் உண்டு. இக்காலத்து எல்.இ.டி. பட்டைகள் 12 அல்லது 24 வோல்ட்டில் எரிவன. எனினும் அவற்றிற்கு மின்சாரம் தரும் சிறு பெட்டிக்கு வருவது 230 வோல்ட்டே. அதனை அடுப்பின் வெப்பமும் தொட்டியின் நீரும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

1956-ஆம் ஆண்டு விதிகளின் இடத்தை 2010-இலும் 2023-இலும் வந்த புதிய ஒழுங்குமுறைகள் பெற்றன. எண்கள் மாறின; நியூட்ரலைத் துண்டியாதே என்னும் கருத்து மாறவில்லை. வரலாற்றை மன்னர் பெயராலும் போர்க்களத்தாலும் மட்டும் கற்கிறோம். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் எங்கோ ஒருவர் பட்ட துன்பம் உண்டு. அத்துன்பம் இன்னொருவர்க்கு வாராதிருக்க எழுதியதே விதி. இன்றிரவு உங்கள் அன்னையார் நிற்கும் அடுக்களை விளக்கை ஒருமுறை நோக்குங்கள். அதன் ஸ்விட்ச் எந்தக் கம்பியில் உள்ளது என்று தகுதியுள்ள மின்பணியாளரைக் கேட்டறியுங்கள். அதுவும் வரலாறு கற்றதன் பயனே.